கறுப்பர் வரலாற்று நூல்களும் நம் வீட்டு மாடியும்

தாம்பரத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மீட்டர்கேஜ் மின்வண்டி ஓடிய காலம் அது. 1931-இல் தொடங்கிய அவ்வண்டிகள் 2004-இல் அகலப் பாதைக்கு இடம் விட்டு மறைந்துபோயின. நகரத்துக் கல்லூரி ஒன்றில் பயின்றுவந்த நாம், நாள்தோறும் போக ஒரு மணி, வர ஒரு மணி என அவ்வண்டியில் கழித்தோம். வகுப்பறையில் கற்றதைவிட அந்தப் பெட்டிகளில் கற்றதே மிகுதி என்று இன்று தோன்றுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய நூல்களோடு நமக்கு ஏற்பட்ட நெடுநாள் உறவை எழுதுமாறு நண்பர் சிலர் வற்புறுத்தி வந்தனர். எழுத அமர்ந்த பிறகுதான், நூல்களைப் பற்றி எழுதினால் நம் வீட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்பது உறைத்தது. தயக்கத்தோடுதான் தொடங்குகிறோம்.

முதல் நூல் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. 1985-இல் தீக்கிரையான அந்தச் சந்தையின் பழைய புத்தகக் கடைகளை அறிந்தவர் அறிவர். ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1852-இல் வெளியிட்ட 'டாம் மாமாவின் குடிசை', மாணவர்க்கெனச் சுருக்கப்பட்ட பதிப்பு. பூங்கா நிலையத்தில் வண்டியேறிப் படிக்கத் தொடங்கியவர், குரோம்பேட்டை கடந்ததும் தெரியாமல் படித்துக்கொண்டே இருந்தோம். இரவில் அத்தாவிடம் கதையைச் சொன்னோம். தாம்பரம் கடைத்தெருவில் சிறிய கடையொன்று வைத்திருந்த அவர், கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். "நம்ம மார்க்கத்துல இந்தப் பேச்சுக்கே இடமில்லை தம்பி. பிலால் யாரு? அடிமையா இருந்தவுக. அவுகளைத்தானே ரசூலுல்லாஹ் பாங்கு சொல்ல நிறுத்துனாங்க" என்றார்.

அந்தச் சொல் நமக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, கடலுக்கப்பாலுள்ள ஒரு நாட்டை நாம் நியாயம் விசாரிக்கத் தொடங்கினோம். அக்காலத்து நூல்கள் 'நீக்ரோ' என்றே அச்சிட்டன. நாமும் அப்படியே சொல்லிப் பழகினோம். அம்மக்களே அச்சொல்லைத் தள்ளிய பின்னர் நாமும் தள்ளினோம்.

ஸ்டோ அம்மையார் பிறர் துயரைக் கண்டு எழுதியவர். பட்டவர் எழுதியதைப் படிக்கும்போது சுவையே வேறு. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பால்டிமோர் நகரில் சிறுவராக அவர் வேலை பார்த்த வீட்டின் எசமானி, நல்லெண்ணத்தோடு அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்குகிறார். கணவர் தடுக்கிறார். படிக்கக் கற்ற அடிமை பிறகு அடிமையாயிருக்கத் தகான் என்பது அவர் வாதம். அருகில் நின்று அதைக் கேட்ட சிறுவர், விடுதலைக்கு வழி எதுவென்று எசமானின் வாயாலேயே அறிந்துகொள்கிறார். அதன்பின் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, அதற்கு ஈடாக எழுத்தை வாங்குகிறார்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1945-இல், ரிச்சர்டு ரைட் 'கறுப்புச் சிறுவன்' என்னும் தம் வரலாற்றை எழுதினார். அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்து எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் ரைட் இளைஞராயிருந்த 1920-களில், மெம்ஃபிஸ் நகரப் பொது நூலகத்தில் கறுப்பர் தம் பெயரால் நூல் எடுக்க இயலாது. உடன் பணிபுரிந்த வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையை அவர் இரவல் பெறுகிறார். இந்தப் பையனிடம் இன்னின்ன நூல்களைக் கொடுத்தனுப்புக என்று அந்த வெள்ளையரே எழுதியதுபோல் ஒரு சீட்டைத் தாமே எழுதிக்கொண்டு போகிறார். தாம் எடுத்துவரும் நூல் தமக்கே என்பது வெளியே தெரிந்துவிடக்கூடாதே என்று நடுங்குகிறார்.

இந்நூலை நாம் எங்கே எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அண்ணா சாலையில், அமெரிக்க அரசு நடத்திவந்த நூலகத்தில்! குளிரூட்டப்பட்ட கூடம், ஓசையற்ற தரை. பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தால் தாம்பரத்துக் கடைக்காரர் மகனுக்கும் நூல் கிடைத்தது. தன் குடிமகன் ஒருவர் பொய்ச்சீட்டு எழுதிப் பெற்றதை அந்நாடு நமக்குத் தாராளமாக வழங்கியது. இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. தன் குற்றத்தைத் தன் நூலகத்திலேயே அடுக்கி வைக்கும் துணிவு எல்லா நாட்டுக்கும் இருப்பதில்லை.

இவ்வளவும் பிறர் கதையாகவே நமக்கு இருந்தது. அந்த நிலையை மாற்றியது அலெக்ஸ் ஹேலி 1976-இல் வெளியிட்ட 'வேர்கள்'. ஏ.ஜி. எத்திராஜுலு அவர்கள் அதனை 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் தந்தார். அத்தமிழ் நூலை இஷாத் தொழுகைக்குப் பின் வீட்டில் உரக்கப் படிப்போம். தாயார் வெற்றிலை மடித்தபடி கேட்டிருப்பார். காம்பியா நாட்டு ஜுஃபூர் கிராமத்தில் குழந்தை பிறக்கிறது. எட்டாம் நாள் தந்தை அதன் காதில் மும்முறை பெயரை ஓதுகிறார். சிறுவர்கள் மதரஸாவில் மரப்பலகையில் எழுதி ஓதுகிறார்கள். 1767-இல் காட்டில் மரம் வெட்டப் போன இளைஞன் குன்டா கின்டே பிடிபட்டு, கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடக்கிறான். "இது நம்ம வீட்டுப் பிள்ளையாவுல்ல இருக்கு!" என்றார் தாயார். மறுநாள் அவர் அந்நூலைத் தொடவிடவில்லை. மனம் தாங்கவில்லை என்றார். ஒரு வாரம் கழித்து அவரே எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

ஹேலி தம் குடும்ப வரலாறென்று சொன்னவற்றுள் பலவற்றை ஆவணங்கள் தாங்கி நிற்கவில்லை என்று ஆய்வாளர் பின்னர்க் காட்டினர். வேறொருவர் நாவலிலிருந்து பகுதிகளை எடுத்தாண்டதாக வந்த வழக்கும் 1978-இல் பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. ஆதலின் அதனை வரலாற்றைத் தழுவிய புனைகதையென்றே கொள்ளல் வேண்டும். நம்மவர் மேடைகளில் குன்டா கின்டேயைச் சான்றாகக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் நலம்.

புனைவு வேண்டாதவர்க்கு உமர் இப்னு செய்யிது இருக்கிறார். செனகல் ஆற்றங்கரையிலுள்ள ஃபூத்தா தோரோ நாட்டில் பல்லாண்டு மார்க்கக் கல்வி பயின்ற ஆலிம் அவர். 1807-இல் பிடிபட்டு, அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பியோடி வட கரோலினாவில் சிறைப்பட்டபோது, சிறைச் சுவரில் கரியால் அரபு எழுதினார். 1831-இல் தம் வரலாற்றை அரபியிலேயே எழுதினார். அமெரிக்காவில் அடிமையாயிருந்த ஒருவர் அரபியில் எழுதி, இன்று கிடைக்கும் தன்வரலாறு அது ஒன்றே என்பர். அதன் தொடக்கத்தில் அவர் நினைவிலிருந்து எழுதியது ஸூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் எவன் கையில் என்று கூறும் அத்தியாயம்! இரவு உறங்குமுன் நம் வீட்டுப் பெண்கள் ஓதுகின்ற அதே ஸூரா. பிற்காலத்தில் அவர் கிறித்துவத்தைத் தழுவியதாக எசமானர்கள் எழுதி வைத்தனர். அவர் உள்ளத்தில் இருந்ததை இறைவனே அறிவான். விடுதலை காணாமலே 1864-இல் மறைந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2017-இல் வாங்கியது.

உமரின் நாட்டைப் பற்றித் தேடிப் படிக்கப் போய், நமக்குச் சற்றும் உவப்பில்லாத செய்தியொன்றும் அகப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட பொருள்களில் துணி முதன்மையானது. அத்துணியில் பெரும்பகுதி இந்தியாவில் நெய்யப்பட்டது. சோழமண்டலக் கரையின் நீலத்துணி, கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஆகியவற்றுக்கு அங்கே தனி மதிப்பு. புதுச்சேரியிலிருந்து போன நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் நாணயமாகவே வழங்கிற்று. பழவேற்காட்டிலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாணிகத்தில் நம்மவர் எத்துணைச் சிறந்து விளங்கினர் என்று பெருமையோடு எழுதுகிறோமே, அத்துணி போய்ச் சேர்ந்த இடத்தையும் எழுதினால் என்ன? நெய்தவருக்கும் கரையில் விற்றவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை என்பது மெய்யே. நமக்குத் தெரிகிறது.

அத்தா சொன்ன பிலால் (ரலி) அவர்களின் வரலாறும் இதன்பின் வேறு விதமாகத் தோன்றலாயிற்று. அவர்களுக்குக் கிடைத்த சிறப்பு உண்மை. அவர்களுக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் முஸ்லிம் அரசுகளின் கீழ் ஆப்பிரிக்கர் அடிமைகளாக வாங்கப்பட்டதும் உண்மை. பஸரா நகரையடுத்த சதுப்பு நிலங்களில் உழைத்த 'ஸன்ஜ்' அடிமைகள் 869 முதல் 883 வரை கலீஃபாவின் படையை எதிர்த்து நின்றனர். நம் தக்காணத்திலேயே மாலிக் அம்பர் இருக்கிறார். அபிசீனியாவில் பிறந்து, சந்தைதோறும் விற்கப்பட்டு, அகமதுநகர் அரசின் காவலராக உயர்ந்து, முகலாயப் படைகளைத் திணற அடித்து 1626-இல் மறைந்தவர். அவர் உயர்ந்ததை நம் நூல்கள் சொல்லும். அவரை விற்றவர் யார், வாங்கியவர் யார் என்ற இடத்தில் பேனா நின்றுவிடும்.

நிற்க. மால்கம் எக்ஸ் அவர்களைச் சொல்லாமல் இக்கட்டுரையை நம் வாசகர் ஏற்கமாட்டார். 1965 பிப்ரவரியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹேலியிடம் சொல்லி எழுதுவித்த தன்வரலாறு அவ்வாண்டே வெளிவந்தது. சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதி அவர் மொழியைக் கற்ற இடம், டக்ளஸையும் ரைட்டையும் நினைவூட்டும். 1964-இல் ஹஜ்ஜுக்குப் போய், வெள்ளை நிறத்தாரோடு ஒரே தட்டில் உண்டு, வெள்ளையர் அனைவரும் பிறவிப் பகைவர் என்னும் பழைய கொள்கையைக் கைவிட்டு அவர் எழுதிய மடலை நம் பேச்சாளர் எல்லோரும் எடுத்துக் கூறுவர். எடுத்துக் கூறாத ஒன்று அதே நூலில் உண்டு. மக்காவின் பெருந்திரளைக் கூர்ந்து நோக்கிய அவர், ஒரே தோற்றமுடையவர் ஒருவரோடொருவர் சேர்ந்து குழுவாகவே இருந்ததையும் கவனித்துக் குறித்திருக்கிறார். வற்புறுத்தலின்றி இயல்பாக அமைந்தது அது என்றே அவர் கொள்கிறார்; குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. முதன்முறை படித்தபோது நாம் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டோம்.

அமெரிக்காவைத் தேடிப் போன வழியில் நம் ஊரையும் ஒரு நூலில் கண்டோம். தென்னாப்பிரிக்கத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி 1962-இல் வெளியிட்ட தன்வரலாறு அது. நோபல் அமைதிப் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து ஓராண்டே ஆகியிருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் உலகக் கிறித்துவ சமய மாநாடொன்று கூடிற்று. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்தனர். அவர்களில் லுத்துலியும் ஒருவர். அப்போது தம் ஊர்மக்களின் தலைவராயிருந்தார். தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்மணியான மினா சோகா அம்மையாரும் வந்திருந்தார். சொந்த நாட்டில் வெள்ளையரோடு சமமாக அமர இயலாதவர்கள், நம் தாம்பரத்து மரநிழலில் உலகத்தாரோடு சமமாக அமர்ந்திருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து, 1948-இல், லுத்துலி அமெரிக்காவுக்கும் போய் ஊர் ஊராகப் பேசினார்.

நாம் அந்தக் கல்லூரிச் சுவரோரம் எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். இதையறிந்தபின் நமக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அதே காலத்தில் நம் நாட்டுக்கு வந்த கறுப்பினப் பெரியோர் எழுதியவற்றைப் படித்தபோது அப்பெருமை சற்றுக் குறைந்தது.

ஹோவர்டு தர்மன் என்னும் கறுப்பினக் கிறித்துவப் போதகர் 1935-36-இல் இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். உங்களை அடிமையாக்கியவர்களின் மதத்தைச் சுமந்துகொண்டு இங்கே ஏன் வந்தீர் என்று கொழும்பில் ஒருவர் அவரை நேருக்கு நேர் கேட்டார். காந்தியடிகளைக் கண்டபோது, அடிமைகள் இஸ்லாத்தை ஏன் தழுவவில்லை என்று அடிகளே கேட்டாராம். அம்மார்க்கத்துக்குள் வந்துவிட்டவரிடையே கோடு கிழிப்பதில்லை என்பது அடிகள் காட்டிய காரணம். தர்மன் 1979-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதைக் கூறுகிறார். படித்த அன்று நாம் மகிழ்ந்து நண்பர்க்கெல்லாம் சொன்னோம். பிறகு தனியே இருந்தபோது, காந்தியடிகள் தமிழ்நாட்டு முஸ்லிம் வீடொன்றில் நடக்கும் திருமணப் பேச்சைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்றொரு எண்ணம் எழுந்தது.

1959-இல் மார்ட்டின் லூதர் கிங் ஒரு மாத காலம் இந்தியாவில் பயணம் செய்தார், சென்னைக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்றதொரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். சற்றுச் சினமும் கொண்டார். பிறகு எண்ணிப் பார்த்து, ஆம், நானும் அவ்வாறே என்று ஏற்றுக்கொண்டதாகத் தம் சொற்பொழிவொன்றில் கூறினார். ஜாதியும் நிறவெறியும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை நம் நாட்டார் அவருக்கு முன்பே கண்டிருந்தனர். ஜோதிபா புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். மறுபுறத்தையும் மறைத்தலாகாது: பகத் சிங் திந்து என்னும் இந்தியர், தாம் உயர்ஜாதி ஆரியராதலின் வெள்ளையரே என்று வாதாடி அமெரிக்கக் குடியுரிமை கேட்டார். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. இசபெல் வில்கர்சன் 2020-இல் எழுதிய 'ஜாதி' என்னும் பெருநூல் இந்த உறவையே விரித்துப் பேசுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி அம்மையாரின் நாடகமொன்று 1959-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 'வெயிலில் ஓர் உலர்திராட்சை' என்று தமிழில் சொல்லலாம். சிகாகோவில் நெருக்கடியான குடியிருப்பில் வாழும் கறுப்புக் குடும்பம், தந்தை இறந்ததால் வந்த காப்பீட்டுப் பணத்தில் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்குகிறது. அப்பகுதியின் சார்பில் லின்ட்னர் என்பவர் வருகிறார். கூச்சலில்லை, வசையில்லை. மிக்க பணிவோடு பேசி, நீங்கள் வராதிருந்தால் கொடுத்ததற்கு மேலும் பணம் தருகிறோம் என்கிறார். ஆசிரியையின் சொந்தத் தந்தையே அவ்வாறு வீடு வாங்கி, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1940-இல் வென்றவர்.

1987-இல், மணமான புதிதில், தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாடகை வீடு தேடி அலைந்தபோது நாம் லின்ட்னரைப் பலமுறை சந்தித்தோம். தரகர் வீட்டைக் காட்டுவார், வீட்டுக்காரர் காப்பி தருவார், பெயரைக் கேட்பார். பெயரைச் சொன்னதும், மகன் குடும்பம் ஊரிலிருந்து வரப்போவது அவருக்கு நினைவுக்கு வந்துவிடும். எவரும் கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒன்பதாவது வீட்டில் இடம் கிடைத்தது; அந்த வீட்டுக்காரர் தந்தையைப் போல் நம்மை நடத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடகத்தை அந்நாள்களில் மீண்டும் எடுத்துப் படித்து, நம் மனைவிக்கும் கதையைச் சொன்னோம். லின்ட்னர் என்பது நம் வீட்டில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆயிற்று.

பின்னர் இறைவன் அருளால் சேலையூர்ப் பக்கம் சிறு மனை வாங்கிக் கட்டினோம். 1999-இல் மாடியும் எழும்பிற்று. வாடகைக்குக் கேட்டு இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். ஜும்ஆவில் பார்த்துப் பழகிய முகம். மனைவி, கைக்குழந்தை. தாயார் வழக்கம்போல் ஊர் எது, என்ன வகையறா என்று கேட்டார். 1981 பிப்ரவரியில் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவியது நாடறிந்த செய்தி. அதே மாவட்டத்தில் வேறொரு சிற்றூரில், அதே ஆண்டுகளில், தம் தந்தை கலிமாச் சொன்னார் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவர் போனபின் வீட்டில் பேச்சு எழுந்தது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் வீட்டிலிருக்கிறார்களே, உறவினர் என்ன சொல்வர், நாளை போக்குவரத்துக் கொடுக்கல்வாங்கல் வருமே என்றெல்லாம். பழியைத் தாயார்மீது போட நாம் விரும்பவில்லை. முடிவு நம்முடையது.

மறுநாள் அவர் முன்பணத்தோடு வந்தார். பினாங்கிலிருந்து நம் மைத்துனர் குடும்பம் வருவதாக இருக்கிறது, மாடி அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்றோம். தேநீர் கொடுத்தோம். "பரவாயில்லைங்க பாய். அல்லாஹ் நாடினா வேற இடம் அமையும்" என்று சொல்லி, குடித்துவிட்டுப் போனார். மாடி நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது.

சில ஆண்டுகள் சென்றபின், ஆங்கில இலக்கியம் பயின்ற நம் மகளுக்கு ஹான்ஸ்பெர்ரியின் நாடகம் பாடமாக வந்தது. தேர்வுக்காக அவள் கூடத்தில் அமர்ந்து லின்ட்னர் வரும் காட்சியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நாம் செய்தித்தாளைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். "அத்தா, இந்த ஆளு இவ்வளவு தன்மையா பேசுறாரே, இவர் நல்லவரா கெட்டவரா?" என்றாள். வாத்தியார் என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டு வைத்தோம். அந்த நாடகத்தை இருமுறை படித்தவர் நாம். மனைவிக்குக் கதை சொன்னவர் நாம். அந்த மறுநாள் காலையில், தேநீர்க் கோப்பையை நீட்டும்போது, லின்ட்னர் ஒருகணமேனும் நினைவுக்கு வரவில்லை.

ஆசிரியர் இப்போது முடிச்சூர்ப் பக்கம் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் சிலபோது ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். முந்திக்கொண்டு ஸலாம் சொல்பவர் அவரே. பினாங்கு மைத்துனர் நலமா என்று ஒருமுறை கேட்டார். நலம் என்றோம்.